தாளம் போட்ட கால்: ரசிகர் புனைவில் வெள்ளையரல்லாத பாத்திரங்களைக் கண்டெடுப்பது

2025 ஏப்ரலில், ஹரி பொட்டர் கதைகளைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கும் எச்.பி.ஓ. நிறுவனம், பேராசிரியர் ஸ்னேப் வேடத்துக்குப் பாப்பா எஸ்ஸியேடு என்ற கறுப்பினப் பிரித்தானிய நடிகரை அறிவித்தது. அன்றிலிருந்து இணையத்தில் வாக்குவாதம் ஓயவில்லை. புத்தகத்தில் அப்படி இல்லையே என்றார்கள் சிலர். இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்றார்கள் வேறு சிலர். அந்தப் புத்தகங்களோடு வளர்ந்து, இன்று அவற்றின் கிளைக்கதைகளைக் கைத்தொலைபேசியில் வாசிக்கவும் எழுதவும் செய்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலர் இதைப் பார்த்துக் குழம்பிப்போனார்கள்.

குழப்பத்துக்குக் காரணம், மூன்று வெவ்வேறு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிட்டமைதான். எந்த நடிகர் எந்த வேடத்தில் நடிக்கலாம் என்பது முதலாவது. மூலக்கதை ஒரு பாத்திரத்தின் நிறத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்பது இரண்டாவது. ரசிகர்கள் தாங்களே எழுதும் கதைகளில் யாரைத் தூக்கி வைக்கிறார்கள், யாரைத் தாண்டிப் போகிறார்கள் என்பது மூன்றாவது. இந்தக் கட்டுரை மூன்றாவது கேள்வியைப் பற்றியது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொண்டாடத்தக்க பாத்திரங்கள் மூலக்கதைகளுக்குள்ளேயே இருக்கிறார்கள், அவர்களைத் தாண்டி வாசித்து எங்களுக்குப் பழகிவிட்டது.

முதலில் சில சொற்கள்

1. ரசிகர் புனைவு. ஒருவர் படைத்த உலகத்தையும் மாந்தரையும் எடுத்துக்கொண்டு, அந்தக் கதையை விரும்பும் இன்னொருவர் பணத்தை எதிர்பாராமல் எழுதும் கதை. இன்றைய வடிவம் அமெரிக்காவில் உருப்பெற்றது. ஸ்டார் ட்ரெக் தொடர் 1966 இல் ஒளிபரப்பாகத் தொடங்கியது. மறு ஆண்டே அதன் ரசிகர்கள் ஸ்பொக்கனாலியா என்ற சிற்றிதழை வெளியிட்டார்கள். பின்னர் இணையம் வந்தது. ஃபான்ஃபிக்‌ஷன்.நெட் 1998 இலும், வொட்பாட் 2006 இலும், ரசிகர்களே நடத்தும் ஆர்க்கைவ் ஒஃப் அவர் ஓன் 2009 இலும் திறந்தன. கடைசியாகச் சொன்ன தளத்துக்கு 2019 இல், அறிவியல் புனைவு, மாயப் புனைவுத் துறைக்கான ஹியூகோ விருது கிடைத்தது.

2. மூலக்கதை. ரசிகர் எழுதுவதற்கு அடிப்படையாக இருக்கும் புத்தகம், படம் அல்லது தொடர். ஒரே கதை புத்தகமாகவும் படமாகவும் இருந்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. கீழே வரும் உதாரணங்கள் பல இந்த இடைவெளியில்தான் பிறந்தவை.

3. வெள்ளையரல்லாத பாத்திரம். ஆங்கிலத்தில் 'பீப்பிள் ஒஃப் கலர்' என்று வெள்ளையரல்லாதோர் தங்களைத் தாங்களே அழைத்துக்கொள்கிறார்கள். 'கலர்ட்' என்ற பழைய சொல் இனப்பாகுபாட்டுச் சட்டங்களின் காலத்தைச் சேர்ந்தது. இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது. 'நிறமுள்ளவர்' என்று நேரடியாகத் தமிழாக்கினால் பொருள் விளங்காது. காங்கேசன்துறை வீதியில் நடந்துபோகும் ஒருவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. அதே ஆள் ரொறன்ரோவில் விமானத்தை விட்டு இறங்கும்போது அந்தப் பெயருக்குள் வந்துவிடுகிறார். ஆகவே இந்தச் சொல் குறிப்பது தோலின் சாயலை மட்டும் அன்று. வெள்ளையரே எல்லோருக்கும் அளவுகோல் என்று வைத்த உலகத்தில் ஒருவர் நிறுத்தப்பட்டிருக்கும் இடத்தையும் குறிக்கிறது.

4. நிறமாற்றம். ஆங்கிலத்தில் ரேஸ்பெண்டிங். ஆசியப் பண்பாடுகளின் சாயலில் அமைந்த ஒரு கார்ட்டூன் தொடர் 2010 இல் திரைப்படமானபோது முக்கிய வேடங்களுக்கு வெள்ளைய நடிகர்கள் தெரிவுசெய்யப்பட்டார்கள். அதை எதிர்த்த ரசிகர்கள் உருவாக்கிய சொல் இது. இன்று எதிர்த்திசையிலும் பயன்படுகிறது: வெள்ளையராக எண்ணப்பட்ட பாத்திரத்தை வேறு இனத்தவராகக் கற்பனை செய்வதையும் இதே சொல்லால் குறிக்கிறார்கள்.

கதைகள் ஏன் ஒரு பக்கமாகச் சாய்கின்றன?

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் எளிமையானது. மூலக்கதையில் வெள்ளையர் அதிகம், அவர்களுக்கே காட்சிகளும் அதிகம். ரசிகர் இருப்பதை வைத்துத்தானே எழுத முடியும்? இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைக் காட்ட ஓர் உதாரணம் போதும்.

2015 இல் வந்த ஸ்டார் வோர்ஸ் படத்தின் ஃபின். ஜோன் போயேகா நடித்த கறுப்பின இளைஞன். குழந்தையாக இருக்கும்போதே குடும்பத்திலிருந்து பறிக்கப்பட்டுப் படைவீரனாக வளர்க்கப்பட்டவன். அவனுக்குப் பெயர் கிடையாது, ஓர் இலக்கம் மட்டும்தான். முதல் தாக்குதலில் கூட இருந்தவன் செத்து விழுகிறான். அவனுடைய இரத்தம் ஃபின்னின் தலைக்கவசத்தில் படுகிறது. கிராமத்தவரைச் சுடும்படி கட்டளை வருகிறது. ஃபின் சுடவில்லை. தப்பி ஓடும் வழியில், கூட வரும் விமானி அந்த இலக்கத்தின் எழுத்துகளைக் கொண்டே அவனுக்கு ஒரு பெயர் வைக்கிறான். பிள்ளைகள் வீட்டிலிருந்து படைக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு மண்ணில் இருந்து இந்தக் காட்சியைப் பார்ப்பவருக்கு அதன் கனத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

படத்தின் கதாநாயகர்களில் ஒருவன் அவன். காட்சிகளும் நிறைய உண்டு. அப்படியிருந்தும் படம் வந்த பிறகு ரசிகர் கூட்டத்தின் பெரும் பகுதி கைலோ ரென் என்ற வில்லனையும், மிகச் சில நிமிடங்களே தோன்றும் ஹக்ஸ் என்ற தளபதியையும் சுற்றிக் கதைகளை எழுதிக் குவித்தது. இருவரும் வெள்ளையர். ஹக்ஸுக்கு மூலக்கதை தந்தது சிறு கைப்பிடியளவு. மற்றதெல்லாம் ரசிகர்கள் கற்பனையால் நிரப்பியது. கையில் இருப்பதை வைத்துத்தான் எழுத முடியும் என்ற பதில் இங்கே நிற்காது. இல்லாததைக் கூட உண்டாக்கிக் கொடுக்க ரசிகர்களால் முடியும். யாருக்காக அந்த உழைப்பைச் செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

தயாரிப்பாளர் பக்கமும் சுத்தமானதல்ல. ஹரி பொட்டர் படங்களில் லவெண்டர் பிறவுண் என்ற மாணவி பின்வரிசையில் வந்துபோகும் சிறு வேடமாக இருந்த காலத்தில் கறுப்பினச் சிறுமியர் நடித்தார்கள். 2009 இல் வந்த ஆறாவது படத்தில் அவள் ஹரியின் நண்பன் ரொனின் காதலியாகி வசனங்கள் கிடைத்தபோது வேடம் ஒரு வெள்ளைய நடிகைக்குப் போனது.

இதற்கு மேல் தளங்களின் அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. வாசகர் பாராட்டுக் குறியின் எண்ணிக்கைப்படி கதைகளை வரிசைப்படுத்தி வாசிக்கிறார். முன்னரே பெயர்பெற்ற ஜோடிகளின் கதைகள் மேலே நிற்கின்றன. மேலே நிற்பதால் மேலும் வாசிக்கப்படுகின்றன. அதைப் பார்த்துப் புதிதாக எழுத வருபவரும் அதே ஜோடியை எடுக்கிறார்.

மூலம் என்ன சொல்கிறது: மூன்று நிலைகள்

ஸ்னேப் விவாதத்துக்குத் திரும்புவோம். தேடத் தொடங்கும் முன் ஒரு பாத்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்று பிரித்து அறிவது நல்லது.

1. மூலம் வெளிப்படையாகச் சொல்வது. பசி விளையாட்டு (தி ஹங்கர் கேம்ஸ்) நாவலில் ரூ என்ற சிறுமிக்குக் கரும்பழுப்புத் தோல் என்று எழுதியே இருக்கிறது. 2012 இல் படம் வந்தபோது அந்த வேடத்தில் கறுப்பினச் சிறுமியைக் கண்டு சில வாசகர்கள் கோபப்பட்டார்கள். புத்தகத்தை வாசித்தவர்களே அவர்கள். அந்த வரியைக் கண் தாண்டிப்போயிருந்தது. இன்னோர் உதாரணம் டீன் தோமஸ். முதலாவது ஹரி பொட்டர் நூலின் அமெரிக்கப் பதிப்பில் அவன் கறுப்பினச் சிறுவன் என்ற வரி உண்டு. பிரித்தானியப் பதிப்பில் அது வெட்டுப்பட்டிருந்தது. இரு பதிப்புகளின் வாசகர்கள் இரு வேறு டீன்களோடு வளர்ந்திருக்கிறார்கள்.

2. மூலம் மௌனமாக இருப்பது. ஹரியின் தோழி ஹெர்மயனிக்குப் பழுப்புக் கண்ணும் அடர்ந்து பரந்த தலைமயிரும் உண்டு. தோலின் நிறத்தை நூல் அறுதியிட்டுச் சொல்லவில்லை. 2016 இல் லண்டன் மேடையில் நோமா டுமெஸ்வேனி அந்த வேடத்தில் நடித்தார். ரசிகர்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவளைக் கறுப்பினப் பெண்ணாக வரைந்துகொண்டிருந்தார்கள். மறுப்பவர்கள் மூன்றாவது நூலில் அவளுடைய முகம் மரத்தின் பின்னால் வெள்ளையாகத் தெரிந்தது என்ற வரியைக் காட்டுவார்கள். அந்த இடத்தில் அவள் பயந்துபோய் நிற்கிறாள். பயத்தில் வெளிறிய முகம் என்றும் படிக்கலாம். நேர்மையாக வாசிப்பவர் இந்த வரியையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் முடிவுக்கு வரவேண்டும்.

3. மூலம் வேறுவிதமாகச் சொல்வது. ஸ்னேப் இங்கே வருகிறார். நூல் அவரை வெளிறிய தோலுடையவராகவே வருணிக்கிறது. ஆகவே எஸ்ஸியேடுவின் தெரிவு நிறமாற்றம். அதை அந்தப் பெயரில் அழைப்பதில் தவறில்லை. மேடைக்கும் திரைக்கும் அந்த உரிமை எப்போதும் இருந்திருக்கிறது.

ரசிகர் மூன்று நிலையிலும் எழுதலாம். ஆனால் முதலாவது நிலையில் இருப்பவர்களைத் தொடாமல் மூன்றாவதற்குத் தாவுவது எனக்கு உடன்பாடில்லை. வெள்ளையக் கதாநாயகனை நிறம் மாற்றி எழுதுவோர் எத்தனையோ பேர்; பக்கத்திலேயே பெயரோடும் செயலோடும் நிற்கும் டீன் தோமஸுக்கு ஒரு கதை எழுதினால் என்ன?

பட்டீல் சகோதரிகள்: ஒரு வாசிப்பு

எப்படித் தேடுவது என்பதைச் சொல்வதைவிடச் செய்து காட்டுவது பயன் தரும். ஹரி பொட்டர் வாசிக்கும் தெற்காசியர் எல்லோருக்கும் தெரிந்த இரட்டையர், ஹரியோடு படிக்கும் பார்வதி, பத்மா. 'அந்த இந்தியச் சகோதரிகள்' என்பதற்கு மேல் பலருக்கு எதுவும் நினைவில்லை. அந்தப் பாடசாலையில் மாணவர்கள் இல்லம் இல்லமாகப் பிரிந்து தங்குகிறார்கள்; படங்களில் இருவரும் ஒரே இல்லத்தில் இருப்பதுபோலக் காட்டியது இதை இன்னும் கெடுத்தது. நூலில் பார்வதி கிரிஃபிண்டோர், பத்மா ரேவன்குளோ. இரட்டையரைப் பிரித்து வேறு வேறு இல்லத்தில் போட்ட முதல் இரவில் அந்தச் சிறுமிகள் எப்படி உறங்கியிருப்பார்கள்? நூல் சொல்லவில்லை. ரசிகர் புனைவு பிறக்கும் இடம் இதுதான்.

முதல் நூலில், பறக்கும் பாடத்தில் நெவில் என்ற மாணவன் விழுந்து கையை முறித்துக்கொள்ள, மல்ஃபோய் என்ற இன்னொரு மாணவன் சிரிக்கிறான். வாயை மூடு என்று சட்டென்று சொல்பவள் பார்வதி. அதற்காக உடனே இன்னொரு மாணவியின் கேலிக்கும் ஆளாகிறாள். ஒற்றை வரிதான், ஆனால் பதினொரு வயதில் ஒரு வகுப்பின் நடுவே அப்படிச் சொல்வதற்குத் துணிவு வேண்டும்.

நான்காவது நூலின் நடன இரவைத்தான் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். பத்மா ரொனின் சோடியாக வருகிறாள். ரொன் ஹெர்மயனியையே முறைத்துக்கொண்டு கதிரையை விட்டு எழும்பாமல் இருக்கிறான். பத்மாவும் கையைக் கட்டிக்கொண்டு, காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கால் மட்டும் பாட்டின் தாளத்துக்கு ஆடிக்கொண்டே இருக்கிறது. பிறகு அவள் வாய்விட்டுக் கேட்கிறாள், என்னை ஆட அழைக்கப் போகிறாயா இல்லையா என்று. இல்லை என்கிறான். அவள் எழும்பிப் போய், வேறு பாடசாலை மாணவன் ஒருவனோடு சேர்ந்துகொள்கிறாள்.

பரிதாபத்துக்குரிய பெண்ணாக அவளை நினைவில் வைத்திருப்பது வாசகரின் பிழை. அந்தக் காலைக் கவனியுங்கள். அவளுக்கு ஆட ஆசை. ஆசையை மறைக்கவில்லை, கேட்டாள், கிடைக்கவில்லை, போய்விட்டாள். அடுத்த நூலில் அவள் தன் இல்லத்தின் மாணவத் தலைவி. இரட்டையர் இருவரும் ஹரியின் இரகசியப் பயிற்சிக் குழுவில் சேர்கிறார்கள். ஆறாவது நூலின் முடிவில், தலைமையாசிரியர் டம்பிள்டோர் இறந்த மறுநாள் காலை உணவுக்கு முன்பே அவர்களை வீட்டார் அழைத்துச் சென்றுவிடுகிறார்கள். நிலைமை மோசமானதும் பாடசாலையிலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போன பெற்றோர், அந்தப் பயணம், பேசாமல் இருந்த இரு சகோதரிகள்: இதை எங்கள் ஊரில் இருந்து எழுதக்கூடியவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்!

இந்த வாசிப்பிலிருந்து கிடைக்கும் முறையைச் சுருக்கமாக வைக்கலாம்.

1. படத்தை மூடிவைத்து நூலைத் திறங்கள்.
2. அந்தப் பெயர் வரும் ஒவ்வோர் இடத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.
3. அவள் எதை விரும்புகிறாள், எதை மறுக்கிறாள் என்பதற்கு ஒரு சான்றாவது தேடுங்கள். ஆடும் கால் போதும்.
4. அவள் காட்சியை விட்டு வெளியேறும் வாசலைக் குறித்துவைத்து, அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள்.

எது கொண்டாட்டம்?

பெயரைச் சேர்ப்பதால் மட்டும் பாத்திரம் கொண்டாடப்படுவதில்லை. நிறைய எழுத்தாளர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ஆகவே சற்று நின்று பார்க்கிறேன்.

பிரிட்ஜர்ட்டன் என்ற ஆங்கிலக் காதல் தொடரின் இரண்டாம் பருவம் 2022 இல் வந்தது. மூல நாவலின் ஷெஃபீல்ட் குடும்பம் ஷர்மா குடும்பமாக மாறியிருந்தது. கேட், எட்வினா வேடங்களில் சிமோன் ஆஷ்லி, சரித்ரா சந்திரன் என்ற தமிழ்ப் பின்னணி உடைய இரு நடிகைகள். கறுத்த தோலுடைய தமிழ்ப் பெண் ஒருத்தி ஒரு காதல் கதையின் நடுவில், யாருக்கும் தோழியாக அல்லாமல் தானே நாயகியாக நின்றதைக் கண்டு மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவர். ஆனால் அந்த வீட்டில் தந்தை 'அப்பா', அக்கா 'தீதீ', தங்கை 'போன்'. தமிழும் இந்தியும் வங்காளமும் ஒரே சாப்பாட்டு மேசையில். அப்படி ஒரு குடும்பம் இருக்கக்கூடும். அதற்கு ஒரு காரணத்தைக் கதை சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதபோது, இந்தியா என்றால் எல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணமே தெரிகிறது.

யாழ்ப்பாணத்தில் இருந்து பத்மாவை எழுதுபவரும் இதே பிழையைச் செய்யலாம். பட்டீல் என்பது மகாராஷ்டிரப் பக்கம் வழங்கும் குடும்பப் பெயர். அவளுடைய தாய் காலையில் பிட்டும் சொதியும் வைக்கிறாள் என்று எழுதினால், அது அவளை எங்களுடையவளாக்கும் ஆசை. ஆசை புரிகிறது, ஆனால் அவளுடைய வீடு காணாமற்போகிறது. பிட்டும் சொதியும் வேண்டுமென்றால் அவர்கள் படிக்கும் ஹொக்வோர்ட்ஸ் பாடசாலையில் இன்னொரு மாணவியைப் படையுங்கள். 1980களில் யாழ்ப்பாணத்தை விட்டு லண்டனுக்குப் போன ஒரு குடும்பத்தின் மகள், பத்மாவின் அறைத்தோழி. இருவரும் ஒருவருடைய மொழி மற்றவருக்கு விளங்காமல் ஆங்கிலத்தில் சண்டைபிடிக்கட்டும்.

அடுத்தது வருணனை. கறுத்த தோலைச் சொக்கலேட், கோப்பி என்று தின்பண்டமாக்குவது ஆங்கில ரசிகர் புனைவில் நீண்ட நாள் கண்டிக்கப்பட்டுவரும் பழக்கம். வெள்ளையரின் நிறத்தை எங்கும் குறிப்பிடாமல், மற்றவரின் நிறத்தை மட்டும் குறிப்பிடுவது இன்னொன்று. தமிழில் எழுதுபவருக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. குறுந்தொகையின் 27 ஆம் பாட்டில் வெள்ளிவீதியாரின் தலைவி, கன்றும் குடிக்காமல் கலத்திலும் விழாமல் நிலத்தில் சிந்திய பாலைப்போல வீணாகிறதே என்று எதற்காக வருந்துகிறாள்? 'என் மாமைக் கவின்' என்கிறாள். மாமை என்றால் மாந்தளிரின் கருமை சேர்ந்த நிறம். அதைத் தின்னும் பசலை, பிரிவுத் துயரில் படரும் வெளிறிய நிறம். கருமையே அழகு, வெளிறலே நோய். இந்தச் சொற்கள் எங்கள் கையில் இருக்கும்போது கோதுமையையும் பாலையும் ஏன் தேடவேண்டும்?

எங்கள் வீட்டுக்குள் இருக்கும் நிற வரிசை

வெள்ளையரின் கதையில் எங்களுக்கு இடம் கேட்கும் நாங்கள், எங்கள் கதைகளில் கறுத்தவருக்கு என்ன இடம் கொடுக்கிறோம் என்பதையும் பார்க்கவேண்டும். திரௌபதிக்குக் கிருஷ்ணை என்ற பெயர் அவளுடைய கருநிறத்தால் வந்தது. நாட்காட்டிப் படத்திலும் தொலைக்காட்சித் தொடரிலும் அவள் வெள்ளையாகிவிட்டாள். மணமகள் தேவை விளம்பரத்தில் இன்றும் 'சிவந்த' என்ற சொல் படிப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. தமிழில் எழுதப்படும் இணையக் காதல் கதைகளிலும் நாயகி பெரும்பாலும் 'வெண்ணிற மேனியாள்'. பத்மாவைக் கொண்டாட வந்த கதையே அவளைச் சிவந்தவளாக்கினால், படத் தயாரிப்பாளர் லவெண்டருக்குச் செய்ததை நாங்களும் செய்தவர்களாகிறோம்.

எழுதி முடித்த பின்

கதையைத் தளத்தில் ஏற்றும்போது குறிச்சொற்களைக் கவனமாகப் போடுங்கள். ஆர்க்கைவ் ஒஃப் அவர் ஓன் தளத்தில் இரு பெயர்களுக்கு இடையில் சாய்கோடு (/) இட்டால் காதல் உறவு. 'உம்' என்பதற்குரிய குறியை (&) இட்டால் நட்பு அல்லது குடும்ப உறவு. பத்மா ஓரிரு வரி வரும் கதைக்கெல்லாம் அவள் பெயரைக் குறிச்சொல்லாகப் போட்டால், அவளைத் தேடி வருபவர் ஏமாறுவார். அவள் நடுவில் நிற்கும் கதைக்கு அதைப் போடுங்கள். அப்படிப்பட்ட பிறர் கதைகளுக்குப் பின்னூட்டமும் எழுதுங்கள். சிறிய வட்டத்தில் எழுதுபவருக்கு இரண்டு வரி பெரிய பலம். விற்பனைக்கு மட்டும் போகவேண்டாம். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆசிரியரின் உரிமையை அவர் இறந்து 70 ஆண்டுகள் வரை காக்கிறது.

இந்த உழைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உஹுராவே சான்று. 1966 ஆம் ஆண்டு ஸ்டார் ட்ரெக் தொடரில் அந்தக் கறுப்பினப் பெண் அதிகாரிக்கு முதற்பெயர் சொல்லப்படவில்லை. நியோட்டா என்ற பெயர் திரைக்கு வெளியே, நூல்களிலும் ரசிகர்களிடையேயும் வழங்கி வந்தது. 2009 திரைப்படத்தில் அது திரையில் ஒலித்தது.

மணிபல்லவத்தில் ஒருத்தி

ஓரத்தில் நிற்பவரை நடுவுக்குக் கொண்டுவருவது தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் மாதவியின் மகள் பெயரளவில் வந்துபோகிறாள். சாத்தனார் அந்தச் சிறுமியை எடுத்து ஒரு முழுக் காப்பியத்தின் தலைவியாக்கினார். மணிமேகலை போய் இறங்கும் மணிபல்லவம் எங்கள் நயினாதீவே என்று கொள்வோர் பலர். குறிகாட்டுவானில் வள்ளம் ஏறினால் சிறிது நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம்.

அந்தத் தீவில் புத்த பீடிகையைக் காத்து நிற்பவள் தீவதிலகை. இந்திரனின் ஏவலால் காவல் பூண்டேன் என்று தன் பெயரையும் அவளே சொல்கிறாள். கோமுகிப் பொய்கையில் அமுதசுரபி எழும் நாளை அறிந்து சொல்பவளும் அவளே. பாத்திரத்தை வாங்கிக்கொண்டு மணிமேகலை வான்வழியே பூம்புகாருக்குப் போய்விடுகிறாள். அதன் பிறகு காப்பியம் நெடுகப் பசித்தோருக்குச் சோறு கிடைக்கிறது. தீவதிலகை கரையில் நிற்கிறாள். அவளுக்குப் பெயர் உண்டு, செயல் உண்டு, எங்கள் கடல் உண்டு. அவளுடைய நிறத்தை எழுதப்போகிறவர் முடிவுசெய்யலாம். அன்று இரவு அவள் என்ன சாப்பிட்டாள் என்பதிலிருந்து தொடங்கலாம்.